ஓரத்தில் வந்த விளம்பரம்

வீட்டுக்குப் பொதுவான மடிக்கணினியில் மகளுக்குக் காலணி தேடிக்கொண்டிருக்கும் நாத்தனாரின் விரல் சட்டென்று நிற்கிறது. திரையோரத்தில் ஒரு மருத்துவமனை விளம்பரம்: ‘மார்பில் கட்டியா? தாமதிக்காதீர்கள்.’ பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் அண்ணி, மடித்த சட்டையையே மறுபடி விரிக்கிறாள். தன் மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றிக் கணவனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. தேடியதையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கிறாள். மின்விசிறிக் காற்றில் அவள் பிடித்திருக்கும் சட்டை படபடக்கிறது. “எத்தனை நாளா அண்ணி?” “எல்லாத்தையும் அழிச்சிட்டேனே,” என்கிறாள், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல். “நீங்க அழிச்சீங்க. விளம்பரம் போடுறவங்க அழிக்கலையே.” உள்ளறையில் கணவன் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்கிறது. நாத்தனார் மடிக்கணினியை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறாள். “நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வர்றேன். அண்ணன்கிட்ட எப்போ சொல்லணும்னு தோணுதோ, அப்போ நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது.”