திரும்பி வருவதற்கான காற்று

இணைப்பு இணைப்பாகச் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஒரு குமிழிகூட வரவில்லை. எங்கும் காற்று கசியவில்லை.

அப்படியும் மனசு கேட்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி தடவினாள்.

மாலை வகுப்பில் வாகன மின்வேலை படிக்கிறவள். ஒருமுறை பார்த்தால் போதும் என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். அவள் மூன்று முறை பார்ப்பாள். அப்புறம், பார்த்தோமா என்றே சந்தேகம் வந்து நோட்டைப் புரட்டுவாள்.

ஜீப்பின் பானட்டுக்குள், பேட்டரியை ஒட்டி, செங்கல் அளவில் கம்ப்ரஸர் உட்கார்ந்திருந்தது. தடித்த ஒயர், நடுவில் ஃபியூஸ், ஸ்டியரிங்குக்குக் கீழே சுவிட்ச். ஒரு வார வேலை. எல்லாமே அவள் கையால் செய்தது.

"நோட்டு, இன்னும் எவ்வளவு நேரம்? டயருக்குக் காத்தடிக்கப் போறியா, இல்ல ராக்கெட் விடப் போறியா?"

அண்ணன் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவதால் வீட்டில் அவளுக்கு நோட்டு என்று பெயர்.

அவன் கேலி பேசிப் பல மாதமாகியிருந்தது. அவள் தலையை பானட்டுக்குள் இன்னும் கொஞ்சம் நுழைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சிரித்தாள்.

அண்ணி காணாமல் போய்ப் பதினோரு மாதம். நில அளவைக் குழுவோடு மணல்வெளிக்குப் போனவள். புயல் அடித்தது. நான்கு பேர் திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை.

அதிகாரிகள் மூன்று வாரம் தேடிவிட்டுக் கோப்பை மூடிவிட்டார்கள். அண்ணன் மூடவில்லை. மாதம் ஒருமுறை தனியாகக் கிளம்பிவிடுவான்.

மணலில் இறங்குவதற்கு முன் டயர்களில் பாதிக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். அப்போதுதான் வண்டி புதையாது. திரும்பும்போது மணல் முடியும் இடத்தில் மறுபடி காற்றை ஏற்ற வேண்டும். அங்கிருந்து வீட்டுக்கு எண்பது கிலோமீட்டர் கல் ரோடு.

போன மாதம், கொளுத்துகிற வெயிலில் கால் பம்பை மிதித்து மிதித்து, மூன்றாவது டயரில் மயங்கி விழுந்துவிட்டான். அந்த வழியாக வந்த லாரிக்காரர் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். இன்னும் அரைமணி போயிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டான் என்றார் டாக்டர்.

போகாதே என்று சொல்லிச் சொல்லி அம்மா ஓய்ந்துவிட்டாள். போகிறவனை நிறுத்தத் தங்கையாலும் முடியாது. திரும்பி வருவதற்காவது ஒரு வழி செய்து வைக்கலாம் என்று நினைத்தாள்.

அண்ணன் உள்ளே வந்து முன் டயரைக் காலால் தட்டினான்.

"காத்து கம்மியா இருந்தா மணல்ல எவ்வளவு தூரம் போலாம்?"

"பெட்ரோல் இருக்கிற வரைக்கும் போலாம். ரோட்டுல ஏறினாத்தான் வம்பு. பத்து கிலோமீட்டர் தாண்டாது, கிழிஞ்சிடும். அதுக்குத்தானே இது."

அவன் தலையாட்டினான்.

கம்ப்ரஸரிலிருந்து டயருக்குப் பூட்டும் காற்றுக் குழாயைச் சுருட்டி, கறுப்பு டேப் ஒட்டி, டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தாள். நோட்டில் டிக் போட்டாள்.

"அந்தப் பழைய பம்பை இறக்கிடு. சும்மா பாரம்."

"இருக்கட்டுமேண்ணா. ஒருவேளை இது..."

"உன் வேலை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. உனக்கு இல்லையா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. அவளே சொல்லிக்கொண்டதும் இல்லை.

பம்பை இறக்கிச் சுவரோரம் வைத்தாள். அதற்கும் ஒரு டிக் போட்டாள்.

கிரீஸ் போகத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஜீப் வாசலைத் தாண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவன் கை ஆடியது. தெருமுனை திரும்பும்வரை ஆடிக்கொண்டே இருந்தது.

மதியம் அம்மா உலையில் அரிசியைப் போடப் போனவள், படியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராத்திரிக்கு வந்துடுவானாடி?"

"வந்துடுவான்மா. கம்ப்ரஸர் இருக்கு."

நோட்டைப் பார்க்காமல் அவள் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா இன்னொரு பிடி அரிசியை அள்ளிப் போட்டாள்.

சோப்புக் கிண்ணத்தை எடுத்துவரத் தங்கை ஷெட்டுக்குப் போனாள். பம்ப் இன்னும் தரையிலேயே கிடந்தது. காலில் இடறும், ஆணியில் மாட்டிவிடலாம் என்று தூக்கினாள்.

ஆணியில் ஏற்கனவே எதுவோ தொங்கிக்கொண்டிருந்தது.

காற்றுக் குழாய்.

தான்தான் மறந்து தொலைத்திருக்கிறோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. எப்போதும் அப்படித்தான் தோன்றும். பம்பைக் கீழே போட்டுவிட்டு நோட்டைப் புரட்டினாள். பதினான்காவது வரி. குழாய், சீட்டுக்கு அடியில். டிக் இருந்தது.

போனை எடுத்தாள். மணலுக்குள் போய்விட்டால் அவன் போனுக்கு சிக்னல் கிடைக்காது. கிடைக்கவில்லை.

மறுபடி குழாயைப் பார்த்தாள். அவள் ஒட்டிய டேப்பைக் காணோம். ஆணியில் மாட்ட வாகாக, சுருளைச் சேர்த்து ஒரு கயிறு கட்டியிருந்தது. அவசரத்தில் கட்டியதில்லை. அவள் முதல் வகுப்பு படித்த காலத்தில், காலையில் அவளுடைய ஷூவுக்கு அண்ணன் போட்டுவிடும் அதே இரட்டை முடிச்சு. சாயங்காலம் அவன் வந்துதான் அவிழ்க்க வேண்டும். அவளால் ஒரு நாளும் முடிந்ததில்லை.