ஓர் ஓரம் போதும்

ஆழ்கடல் சிப்பி ஒன்றின் உடம்பில் ஒரு செல் இருந்தது. ஒருநாள் அதன் நடு அறையான உட்கருவின் வாசலில் ஒரு பாக்டீரியா வந்து நின்றது.

"அக்கா, ஓர் ஓரம் போதும். உங்கள் மரபு இழைகளைத் தொடவே மாட்டேன்."

செல் இடம் கொடுத்தது. பாக்டீரியாவும் சொன்ன சொல் தவறவில்லை. சர்க்கரையை மட்டும் தின்று, பிள்ளை குட்டிகளோடு பெருகியது. உட்கரு பலூன் போல உப்பியது.

நோய் கண்ட செல் தானே மடிந்து அக்கம்பக்கத்தைக் காப்பது அந்த உடம்பின் வழக்கம். செல்லும் அதற்குத் தயாரானது.

"நீங்கள் போய்விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் அக்கா?" என்று பாக்டீரியா அதன் சுவரைத் தடவிக் கொடுத்தது.

அதுவரை செல்லை யாரும் இருக்கச் சொன்னதில்லை. அது மடியாமல் இருந்துவிட்டது.

"என்னடி, இப்படி ஊதிப் போயிருக்கிறாய்?" என்றது பக்கத்து செல்.

"வீடு நிறையப் பிள்ளைகள்," என்றது இது, கொஞ்சம் பெருமையாக.

"கொடுத்து வைத்தவள்."

சுவர் கிழிந்த அன்று பிள்ளைகள் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறின. அடுத்த வாசலில் அதே பிரியமான குரல் கேட்டது.

"அக்கா, ஓர் ஓரம் போதும்."

செல் தடுக்க நினைத்தது. அதற்குள் கிழிந்த சுவர் வழியே அதன் உயிர் வடிந்துவிட்டது.

"உள்ளே வாடா கண்ணா," என்றது பக்கத்து செல்.