முந்திக்கொண்ட வெளிச்சம்

நான்கு வருடங்களாக நேசராணிக்குக் கண் தெரியாது. பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒவ்வொரு முறையும் டோர்ச் அடித்துப் பார்ப்பார், கண்மணி சுருங்காது. இந்த முறை சுருங்கியது.

“வெளிச்சம் தெரியுதுங்க!” என்று கத்தினாள். கணவன் மத்தேயு அழுதுவிட்டான்.

டொக்டர் தன் கையைப் பார்த்தார். டோர்ச்சை அவர் இன்னும் அழுத்தவே இல்லை. பலமுறை சோதித்தார். ஒவ்வொரு முறையும் விரல் அழுத்துவதற்கு முன்பே கண்மணி சுருங்கியது.

மத்தேயுவின் கையைப் பிடிக்காமலே அவள் ரோட்டுக்கு நடந்தாள். “நாளைக்கே தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவேன்” என்றாள். பிறகு, “சிவப்பு பஸ். லுணுகலைன்னு போட்டிருக்கு. கண்ணாடியில மாதா படம்” என்று உரக்கச் சொன்னாள்.

ரோடு காலியாக இருந்தது.

“பஸ் இன்னும் வரலியே, ராணி.”

“வந்திருச்சுங்க.” சிரித்துக்கொண்டே கையை நீட்டி மறித்தாள்.

அப்போதுதான் வளைவில் அந்தச் சிவப்பு பஸ் திரும்பியது.