அழுகண்ணிப் பாத்தி

"யாரு பாஜா போட்டது, ருக்குமணி? உன்னத்தான் கேக்குறேன்!"

எஸ்டேட்டை நடத்தும் துரை அன்று கேட்டபோது அவள் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

அழுகண்ணிப் பாத்தி அவள் கையால் போட்டது. ரோட்டை அகலப்படுத்த மேட்டை வெட்டியபோது, மண்ணோடு போகவிருந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வந்து, பாசியும் மணலும் நிரப்பிய சதுப்பில் நட்டாள். மழைத்தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவாள். சிவந்த இலைகளில் பசைத்துளி மின்ன, பூச்சி பிடித்துத் தின்னும் செடி. பாஜா, அதாவது உரம், பட்டால் கருகிவிடும்.

"இது நல்லா வந்துச்சுன்னா உனக்கு இங்கேயே நிரந்தர வேலை," என்று துரை சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை முழுப் பாத்தியும் கறுத்துக் கிடந்தது. பாசிக்கடியில் கரைந்தும் கரையாமலும் உர மணிகள்.

"தங்கம்மாக்காதான், துரை," என்றாள் ருக்குமணி. "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய்ட்டு வரப்பப் பாத்தேன். பாத்திக்கிட்டேர்ந்து போனாங்க. கையெல்லாம் பாஜாவும் சேறும்."

பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்ற தங்கம்மா, அவளோடு சேர்ந்து வேலை பார்ப்பவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் வேலை மேலயா கண்ணு உங்களுக்கு, அக்கா? கேட்டிருந்தா நானே வுட்டுக் குடுத்திருப்பேன் லா!"

தங்கம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"நாளைலேர்ந்து வராத," என்றார் துரை தங்கம்மாவிடம்.

சனிக்கிழமை, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் லோரி நின்றது. தங்கம்மா லெம்பா பெர்த்தாமிலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறாள். மெத்தை ஏறியது, அடுப்பு ஏறியது. ருக்குமணி கதவோரம் நின்று பார்த்தாள்.

அப்போதுதான் அவள் புருஷன் ஹரிதாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கோலா தெர்லா காய்கறித் தோட்டத்தில் வாரமெல்லாம் தங்கி வேலை பார்ப்பவன்.

"ருக்கு, திட்டாத. செடி பொழைச்சிருச்சா?"

"எந்தச் செடி?"

"உன் செடிதான். போன ஞாயிறு பாத்தேன், நோஞ்சானா இருந்துச்சு. நல்லா வந்தா உனக்கு வேலை நிலைக்குமேன்னு, எங்க முட்டைக்கோசுக்குப் போடற பாஜாவ ரெண்டு பிடி போட்டுட்டேன். தங்கம்மாக்காதான் ஓடியாந்து ஏசுனாங்க. கையாலயே அள்ளி அள்ளி எடுத்தாங்க. 'ருக்குகிட்ட சொல்லிறாதீங்க, உடைஞ்சு போயிருவா'ன்னு கையப் பிடிச்சுக் கேட்டேன். 'சத்தியமா சொல்ல மாட்டேன், போ'ன்னாங்க."

ருக்குமணி செருப்பில்லாமல் ஓடினாள். "அக்கா! அக்கா!"

முன் சீட்டில் இருந்த தங்கம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்; லோரி வளைவில் இறங்கிப் போயிற்று.