கந்தவனத்தின் விண்

பொங்கல் நாள் பட்டப்போட்டி முடிந்து வல்வெட்டித்துறைக் கடற்கரையில் சனம் கலைகிறது. ஒலிபெருக்கி இன்னும் அருளம்பலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முதற்பரிசுக் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி வீடு திரும்பும் அவன், மீன்வாடிக்குப் பின்னால் கந்தவனம் தனியே பட்டம் ஏற்றுவதைக் கண்டு நின்றுவிடுகிறான். மங்கிய வானத்தில் பட்டம் தெரியவில்லை. அதன் தலையில் வில்லாய்க் கட்டிய, விண் என்னும் நார் மட்டும் காற்றில் அதிர்ந்து கூவுகிறது. தாழ்ந்து, குழைந்து, பின் ஓங்கி எழும் அந்தக் குரலை அருளம்பலம் அண்ணாந்து கேட்கிறான். அவனுடைய பட்டம் ஒருநாளும் இப்படிக் கூவியதில்லை.

"உந்தப் பட்டத்தைப் போட்டிக்குக் கொண்டுவந்திருந்தால் பரிசு உங்களுக்குத்தானே, அண்ணை?"

"இருக்கும்," என்கிறான் கந்தவனம், நூலில் வைத்த விரலை எடுக்காமல். "கொஞ்சம் கதையாமல் நில்லடா தம்பி. இப்பத்தான் காத்து மாறுது."

கிண்ணத்தை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. அருளம்பலம் அதை மற்றக் கைக்கு மாற்றுகிறான். உப்புக்காற்றில் அது சில்லிட்டுக் கிடக்கிறது. மேலே குரல் இன்னும் ஒரு படி இறங்குகிறது. கந்தவனம் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறான். அந்தச் சிரிப்புத்தான் அருளம்பலத்தைச் சுடுகிறது. நூல் அறுந்து போகட்டும் என்று அவன் மனம் வேண்டுகிறது. காதோ அடுத்த கூவலுக்காகக் காத்திருக்கிறது.