கடையநல்லூர் மாத்திரை

ஞானபூரணத்தம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்?

"கண் ஆபரேஷனுக்கு முன்னால சொல்லிருங்க அண்ணாச்சி. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுதீங்களா?"

சாப்பிடுகிறேன். ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்குப் போகிற தொல்லைக்கு ஒரு மாத்திரை. சங்கரன்கோவில் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற இந்தச் சுந்தரராஜுக்கு இப்படி ஒரு மாத்திரை என்று ஊருக்குத் தெரியலாமா? பஸ் ஏறி கடையநல்லூருக்குப் போய் வாங்கி வருகிறேன். வீட்டுக்காரிக்கே தெரியாது.

ஞானபூரணத்தம்மாவோ எங்கள் சர்ச் சபையின் வம்பு ரேடியோ. பாத்திரம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் நானே இதைச் சொல்லியிருக்கிறேன். அவரும் கண் பரிசோதனைக்கு வந்து, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் என் பெஞ்சிலேயே இருந்தார்.

"ஒண்ணும் கிடையாதும்மா" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

மரத்துப்போன கண்ணோடு ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தபோது டாக்டரம்மா குரல் கேட்டது.

"கண் பாப்பா சுருங்குது. எடுத்து வெச்ச வளையத்தக் குடுங்க."

கண் போனால் யாரிடம் போய் அழுவது?

எப்படியோ நல்லபடியாக முடிந்தது. பிறகு டாக்டரம்மா கடிந்துகொண்டார். மருந்து விட்டு விரித்த கண் பாப்பாவை, என் மாத்திரை ஆபரேஷன் நடுவில் சுருக்கிவிடுமாம். முன்கூட்டியே தெரிந்ததால்தான், அதை விரித்துப் பிடிக்கிற குட்டி வளையத்தைத் தயாராக வைத்திருந்தாராம். இல்லாவிட்டால் பார்வைக்கே ஆபத்தாகியிருக்கலாம் என்றார்.

யார் சொன்னது என்று கேட்டேன். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த அம்மாவாம்.

போச்சு, மானம் போச்சு. ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தால், ஞானபூரணத்தம்மா இன்னும் அதே பெஞ்சில் இருந்தார். நன்றி சொல்லவா தோன்றியது?

"யார் யார்ட்டல்லாம் சொன்னீங்க?"

"டாக்டரம்மாட்ட மட்டுந்தான் அண்ணாச்சி. கடையநல்லூர் மருந்துக்கடையில நீங்க அந்த மாத்திரை வாங்குதத ரொம்ப நாளாப் பாத்திருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கும் அதே மாத்திரைதான். அவுக கண் ஆபரேஷன்ல பாப்பா சுருங்கி ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாவ. உங்களுக்கும் அப்படி ஆயிரக்கூடாதுல்லா."

கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"நம்மூர்லயே கிடைக்குமே. நீங்க எதுக்கு அவ்வளவு தூரம் போய் வாங்குதீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"இங்கன வாங்கினா உங்க காதுக்கு வந்துரும்லா, அண்ணாச்சி. பொறகு ஊருக்கே தெரிஞ்சிரும்."