டெமோ

“கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. எனக்கு ஒரு காது சரியாக் கேக்காது” என்றாள் கடைக்காரம்மா.

மெஷின் விற்க வந்தவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். காதும் மந்தம், கம்ப்யூட்டரும் தெரியாது. உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும் வியாபாரம் என்று அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

பீட்சா கடை இன்னும் திறக்கவில்லை. சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை. கல்லா மேஜையில் வேறு கம்பெனிக்காரர்கள் பார்க்கச் சொல்லி விட்டுப்போன இரண்டு பில் மெஷின்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன.

“இந்த ரெண்டும் பிடிக்கலையாம்மா?”

“அந்த ஆளுங்க பேசினது எதுவும் ஒத்து வரலை. அதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

அவர் உற்சாகமாகத் தன் மெஷினைத் தட்டினார். பீட்சாவின் படம், அளவு, மேலே தூவ வேண்டிய காய்கள் எல்லாம் திரையில் விரிந்தன. “இங்கே தொட்டா போதும். சீட்டு நேரா சமையல்கட்டுல போய் விழும். நீங்க கத்திச் சொல்ல வேண்டியதே இல்லை.”

சமையல்கட்டுக்கும் கடைக்கும் நடுச் சுவரில், தட்டு நீட்டுகிற அகலத்துக்கு ஒரு திறப்பு. அதற்கு அந்தப் பக்கம் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்த இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

“உள்ளே யாரு?”

“என் தங்கச்சி. அடுப்பு வேலை அவளோடது.”

“கடை சாத்தற வரைக்கும் நீங்க ரெண்டு பேர்தானா? ஆம்பளைத் துணை?”

“வீட்டுக்காரர் வெளியில போர்டு மாட்டிட்டிருக்காரே, பார்த்திருப்பீங்க. கடை திறந்துட்டா அவர் தன் வேலைக்குப் போயிடுவாரு. அப்புறம் நாங்க ரெண்டே பேர்தான்.”

“ஓகோ” என்றார் அவர். அந்த ஓகோ கொஞ்சம் நீளமாக இருந்தது. அவர் கண் பின்கதவு வரை போய்விட்டுத் திரும்பியது.

அப்போது அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. உள்ளே அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் மளமளவென்று சரிந்தன.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்லை. ஃபோன் மணி கேட்டாலே அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். கொஞ்ச நாளா அப்படித்தான்” என்றாள் கடைக்காரம்மா. எழுந்து போய்ப் புகைபோக்கி விசிறியை நிறுத்தினாள். வெளியே போர்டு அடிக்கிற சுத்தியல் சத்தம் தவிர, கடை ஒரேயடியாக அடங்கிப்போனது. “நீங்க சொல்லுங்க. மத்த ரெண்டுலயும் இல்லாதது உங்களோடதுல என்ன இருக்கு?”

அவர் குரலில் பெருமை ஏறியது. “வாடிக்கையாளர் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிப் போட்டுடுங்க. எங்க மெஷின் இருக்கிற கடை அத்தனையும் எங்க ஆபீஸ்ல தெரியும். செருப்புக் கடை, மருந்துக் கடை, துணிக் கடை... யார், என்னைக்கு, என்ன வாங்கினாங்கன்னு புட்டுப் புட்டு வைக்கலாம். வீடு எந்தத் தெருன்னு கூட.”

“அவங்களுக்குத் தெரியாமலேயா?”

“பில் போடறப்ப அவங்களாத்தானே நம்பர் சொல்றாங்க?”

“இதையெல்லாம் உட்கார்ந்து யாரு பார்ப்பாங்க?”

“இந்த ஏரியாவுக்கு நான்தாம்மா. வேற யாரு பார்க்கிறது?” என்று சிரித்தார்.

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

“ஃபோன்ல ஆர்டர் வந்தா எப்படிப் பேசணும்? எனக்குப் பழக்கமே இல்லை. பேசிக் காட்டுங்களேன்.”

“ஹலோ! பீட்சா கடைங்க!” என்று அவர் உரக்க ஆரம்பித்தார்.

“அவ்வளவு சத்தம் வேண்டாம். நிஜமா ஒரு பொண்ணு அந்தப் பக்கம் இருந்தா எப்படிப் பேசுவீங்க? அப்படி.”

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஃபோனைக் கன்னத்தோடு ஒட்டினார். வெளியே வந்த குரல் அதுவரை பேசிய குரலே இல்லை. எண்ணெய் தடவினாற்போல வழுவழுவென்று, மெதுவாக, மூச்சும் சேர்ந்து வந்தது.

“ஹலோ... சாப்பிட்டாச்சா? இன்னிக்கு என்ன வேணும்... சொல்லு.”

பெட்டி மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. வெளியே சுத்தியல் சத்தமும் நின்றது.

கடைக்காரம்மாவின் கணவர் உள்ளே வந்தார். ஷட்டரை ஒரே இழுப்பில் தரை வரை இறக்கினார். தெருவும் வெளிச்சமும் போய், கடைக்குள் அடுப்பின் சிவப்பு மட்டும் மிஞ்சியது.

“வெயில் சுள்ளுன்னு அடிக்குது” என்றாள் கடைக்காரம்மா.

“அதுவும் சரிதான்” என்றார் விற்க வந்தவர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “அப்போ... எங்களோடதையே முடிவு பண்ணிடலாமாம்மா?”

“அவளைக் கேட்டுத்தான் முடிவு” என்று அவள் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினாள். “என்னடி சொல்றே?”

தங்கச்சி வெளியே வந்தாள். கையில் பாதி மடித்த பெட்டி. மெஷின் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. விற்க வந்தவரின் முகத்தை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவளாய், இமைக்காமல் பார்த்தாள்.

“தினமும் எனக்கு ஃபோன் பண்ணி, நான் எங்கே என்ன வாங்கினேன்னு சொல்றவன் இவன்தான்க்கா.”